எது அசல்? விண்டேஜ் கார்களின் எஞ்சினும் ஒரு விதியின் சொற்களும்

1958ஆம் ஆண்டு வங்கத்தின் உத்தர்பாரா ஆலையிலிருந்து வெளிவந்த அம்பாசிடர் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். அதில் இருப்பது பக்கவாட்டு வால்வு அமைப்புடைய 1476 சிசி பெட்ரோல் எஞ்சின். அறுபது ஆண்டுகளுக்கு மேல் உழைத்த அதன் பிளாக் விரிசல் கண்டுவிட்டது; வெல்டிங் வைத்தும் நிற்கவில்லை. அதே வகை எஞ்சின் எந்தப் பழைய இரும்புச் சந்தையிலும் அகப்படவில்லை. ஆனால் அதே ஆலை, அதே காரில், ஓரிரு ஆண்டுகளுக்குள் பொருத்தத் தொடங்கிய 1489 சிசி எஞ்சின் கிடைக்கிறது. அதைப் பொருத்தினால் கார் ஓடும்; அரசின் ஏட்டில் அது விண்டேஜ் கார் ஆகாது. பொருத்தாவிட்டால் விண்டேஜ் தகுதிக்குக் குறைவில்லை, கார்தான் ஓடாது. இப்படியொரு தெரிவை உரிமையாளர்முன் வைக்கும் விதியைப் பண்பாட்டுப் பாதுகாப்பு என்று அழைப்பது எவ்வகையில் தகும்?

2021 ஜூலையில் ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் மத்திய மோட்டார் வாகன விதிகளில் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தது. முதற்பதிவு நாளிலிருந்து ஐம்பது ஆண்டுகளைக் கடந்த, வணிகப் பயன்பாட்டில் இல்லாத இருசக்கர, நாற்சக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனங்களாகப் பதிவுசெய்ய அது வழிவகுத்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்ற எழுத்துகள் வரும் தனி எண்பலகை; கண்காட்சி, பேரணி, தொழில்நுட்ப ஆய்வு, பராமரிப்பு போன்ற நோக்கங்களுக்கு மட்டும் சாலையில் ஓட்ட அனுமதி. இவை அனைத்தும் ஏற்கத்தக்கவையே. கோளாறு தகுதி வரையறையில் இருக்கிறது. வாகனம் தன் அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் செய்யப்படும் மாற்றங்களையும் உள்ளடக்கிய ‘கணிசமான ஓவர்ஹால்’ எதற்கும் அது உட்பட்டிருக்கக் கூடாது என்கிறது அவ்வரையறை. இந்த வாக்கியத்தை எழுதியவர்கள் இந்தியாவில் கார்கள் எப்படிப் பிறந்தன, எப்படி வாழ்ந்தன என்பதை அறியாமல் எழுதினார்கள். அல்லது அறிந்தும் பொருட்படுத்தாமல் எழுதினார்கள். இரண்டில் எதுவாயினும் விளைவு ஒன்றே.

முதலில் சொற்களைக் கவனிக்க வேண்டும். பட்டறை வழக்கில் ‘ஓவர்ஹால்’ என்பது எஞ்சினை இறக்கிப் பிரித்து, தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மீண்டும் பூட்டுவது. அதாவது, இருக்கும் எஞ்சினைக் காப்பாற்றுவதற்கான வேலை அது. ஐம்பது ஆண்டுகளாக ஓவர்ஹால் காணாத எஞ்சின் உலகில் எங்குமே இருக்க வாய்ப்பில்லை. இருந்தால் அது ஓடாமல் கிடந்த எஞ்சினாகவே இருக்கும். பராமரிப்பின் பெயரையே குற்றத்தின் பெயராக்கி, அதற்குள் ‘மாற்றம்’ என்ற வேறொரு பொருளையும் திணிக்கிறது விதி. ‘கணிசமான’ என்பதற்கு அளவுகோல் எதுவும் தரவில்லை. ‘அசல் வடிவம்’ என்றால் எந்த நாளின் வடிவம் என்பதையும் சொல்லவில்லை. ஆலை வாயிலைக் கடந்த நாளா, முதலில் பதிவான நாளா, ஐம்பதாண்டு நிறைந்த நாளா? மூன்றும் மூன்று வெவ்வேறு கார்களாக இருக்கக்கூடும்.

ஓர் எளிய கணக்கு போதும். அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டரின் விட்டமும் 73.025 மில்லிமீட்டர், பிஸ்டனின் வீச்சு 88.9 மில்லிமீட்டர். சிலிண்டர் சுவர் தேயும்போது அதைக் கடைந்து அகலப்படுத்தி, அதற்கேற்பப் பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். நாற்பது ‘தவ்’, அதாவது ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் நாற்பது பங்கு, அகலப்படுத்தினால் எஞ்சினின் கொள்ளளவு ஏறத்தாழ 1531 சிசி ஆகிவிடும். பிளாக் அதுவே, எண்ணும் அதுவே. ஆனால் பதிவுச் சான்றிதழில் உள்ள கொள்ளளவு பொய்யாகிவிட்டது. மறுபுறம், அதே அச்சில் வார்த்த, அதே 1489 சிசி கொண்ட வேறொரு பிளாக்கைப் பொருத்தினால் வடிவமைப்பில் துளியும் மாற்றமில்லை. எண் மட்டும் வேறு. இவ்விரண்டில் அசலுக்கு நெருக்கமானது எது? எண்ணைப் பார்ப்பவருக்கு முதலாவது. எஞ்சினைப் பார்ப்பவருக்கு இரண்டாவது. விதி எண்ணை மட்டுமே பார்க்கத் தெரிந்தவர்களின் கையில் கொடுக்கப்பட்டிருக்கிறது.

‘அசல்’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். மூலம், உண்மையானது, வட்டிக்கு எதிரான முதல் ஆகிய பொருள்களில் வழங்கும் அச்சொல் அரபு மூலத்திலிருந்து தமிழுக்கு வந்தது. தமிழில் ஏற்கெனவே இன்னோர் ‘அசல்’ உண்டு. அயல் என்பதன் திரிபான அது, அக்கம்பக்கத்தையும் அந்நியத்தையும் குறிக்கும். அசலூர்க்காரர் என்றால் வெளியூர்க்காரர். சொந்தமும் அயலும் ஒரே ஒலிவடிவில் வழங்குவதால் தமிழர் எவரும் குழம்புவதில்லை. சூழல் பொருளைத் தீர்த்துவைக்கிறது. இந்திய கார்களின் அசல் தன்மையையும் சூழலைக்கொண்டே தீர்மானிக்க முடியும். ஏனெனில் அந்தக் கார்கள் பிறப்பிலேயே அசலூர் எஞ்சின்களைச் சுமந்தவை.

வரலாற்றைப் பார்த்தால் இது விளங்கும். அம்பாசிடர் என்பது பிரிட்டனின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரின் இந்திய வடிவம். பிரிட்டனில் அந்தக் கார் 1489 சிசி மேல்வால்வு எஞ்சினோடு விற்றது. இந்தியாவில் முதலில் அந்த உடலுக்குள் இருந்தது அதற்கு முந்தைய தலைமுறையின் பக்கவாட்டு வால்வு எஞ்சின். பிறகு 1489 சிசி எஞ்சின் வந்தது. அதன் பின்னர் டீசல் வந்தது. 1990களின் தொடக்கத்தில் ஜப்பானின் இசுசு நிறுவனத்து 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சின், ஐந்து கியர்களோடு அதே உடலுக்குள் நுழைந்தது. 2014 மே மாதத்தில் உத்தர்பாரா ஆலையில் உற்பத்தி நிற்கும்வரை, அம்பாசிடரின் கதை ஒரே உடலுக்குள் எஞ்சின்கள் மாறிமாறிக் குடியேறிய கதையே.

அம்பாசிடர் மட்டும் விதிவிலக்கன்று. 1980களில் அதே நிறுவனம் வெளியிட்ட கான்டெஸா, பிரிட்டனின் வாக்ஸ்ஹால் காரின் உடலுக்குள் அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சினை வைத்துப் பிறந்தது. அந்தப் பெரிய உடலை இழுக்க அது திணறியதால் பின்னர் இசுசு எஞ்சினுக்கு மாறியது. அதே பத்தாண்டின் நடுவில் சென்னையின் ஸ்டாண்டர்டு நிறுவனம் ‘ஸ்டாண்டர்டு 2000’ என்ற காரை வெளியிட்டது. வெளியே, அக்காலத்தின் நவீன வடிவமைப்பு என்று புகழப்பட்ட ரோவர் எஸ்டி1 உடல். உள்ளே, 1940களின் வான்கார்டு காருக்காக உருவான எஞ்சின் குடும்பத்தைச் சேர்ந்த கிழட்டு எஞ்சின். ஆலை இப்படிச் செய்தபோது அதற்குப் பெயர் ‘புதிய மாடல்’. மெக்கானிக் அதையே செய்தால் பெயர் ‘சட்டவிரோத மாற்றம்’. செயல் ஒன்று, செய்தவரின் தகுதியைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. சொற்பொருளியல் படித்தவர்கள் இதை வகுப்பறை எடுத்துக்காட்டாகவே வைத்துக்கொள்ளலாம்.

ஆலைக்கு வெளியே நடந்ததும் இதே வரலாற்றின் தொடர்ச்சிதான். இறக்குமதி உரிமம் கிடைக்காத, அந்நியச் செலாவணி அரிதான, பெட்ரோல் விலை 1973க்குப் பின் எகிறிய நாட்டில், கார் வைத்திருந்த நடுத்தர வர்க்கமும் டாக்சி ஓட்டியவர்களும் எஞ்சினை மாற்றியே வண்டியைக் காப்பாற்றினார்கள். டெம்போ மெட்டடோர் வேனின் டீசல் எஞ்சினைச் சுமந்த அம்பாசிடர்கள் நாட்டின் சாலைகளில் ஓடின. பெட்ரோல் எஞ்சினோடு பிறந்த ஜீப்புகள் டீசலுக்கு மாறின. இவற்றை விளையாட்டுக்காக எவரும் செய்யவில்லை. சிலருக்கு அது அன்றாடச் சோறு. அந்தப் பொருளாதாரக் கொள்கையை வகுத்த அரசே இன்று, அக்கொள்கையின் தழும்புகள் இல்லாத கார்தான் வேண்டும் என்கிறது.

அரசு தானே எஞ்சின் மாற்றத்தைக் கட்டாயமாக்கிய காலமும் உண்டு. 1998இல் உச்ச நீதிமன்றம் தில்லியின் பேருந்துகள் அனைத்தும் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும் என்று ஆணையிட்டது. மும்பையின் பிரீமியர் பத்மினி டாக்சிகள் எரிவாயு உருளைகளைச் சுமந்தே தம் இறுதி ஆண்டுகளைக் கழித்து, 2023 அக்டோபரில் விடைபெற்றன. 1974இல் பத்மினி என்ற பெயரைப் பெற்ற அந்தக் காரின் தொடக்ககாலப் பிரதிகள் இப்போது ஐம்பதாண்டு வரம்பைத் தொட்டுவிட்டன. அவற்றில் எதன் எஞ்சின் அறையைத் திறந்தாலும் அரசாணைகளின் அடுக்குகளைக் காணலாம். அவற்றை எந்த ‘அசல் வடிவ’த்துக்குள் அடைப்பது?

இங்கே ‘பொருத்தம்’ என்ற சொல்லுக்கு வர வேண்டும். அமெரிக்கச் சேகரிப்பாளர்களிடம் எண் பொருத்தம் என்றொரு வழிபாடு உண்டு: எஞ்சினில் பொறித்த எண்ணும் காரின் அடையாள எண்ணும் ஆலையில் ஒன்றாகப் பிறந்தவையாக இருந்தால் காரின் விலை பன்மடங்கு ஏறும். இந்த எண் பொருத்தம், பத்துப் பொருத்தம் பார்க்கும் சோதிடரின் ஏட்டுப் பொருத்தத்தைப் போன்றது. ஏட்டில் பத்தும் பொருந்தியும் வீட்டில் ஒன்றும் பொருந்தாமல் போகலாம். பட்டறையில் பார்க்கும் பொருத்தம் வேறு. அது வாழ்ந்து பார்க்கும் பொருத்தம்.

அந்தப் பொருத்தம் எவ்வளவு நுட்பமானது என்பதை விதி எழுதியவர்கள் அறிவார்களா? எஞ்சினைத் தாங்கும் மவுண்டிங்குகள் சேசிஸில் உள்ள இடங்களோடு பொருந்த வேண்டும். எஞ்சினின் பின்முகமும் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கும் துளைக்குத் துளை சேர வேண்டும். சேராவிட்டால் இடையில் ஒரு தட்டைக் கடைய வேண்டும். அந்தத் தட்டின் கனம் கூடினால் கிளட்சின் தண்டு எட்டாது. கியர்பாக்ஸையும் சேர்த்து மாற்றினால் புரொப்பல்லர் ஷாஃப்டின் நீளம் மாறும். நீளம் மாறிய ஷாஃப்டைச் சமன்செய்யாவிட்டால் வேகத்தில் கார் முழுதும் அதிரும். எண்ணெய்த் தொட்டியான சம்ப், ஸ்டியரிங் இணைப்புகளின்மீதோ குறுக்குச் சட்டத்தின்மீதோ இடிக்கக் கூடாது. டீசல் எஞ்சின் கனமானது; அம்பாசிடரின் முன்பக்கத்தைத் தாங்கும் டார்ஷன் பார்களை அதற்கேற்ப ஏற்றி அமைக்காவிட்டால் மூக்கு தரையை நோக்கித் தாழும்; ஸ்டியரிங் கல்லாகும்.

எடைக்கு அடுத்து வேகம். டீசல் எஞ்சின் குறைந்த சுழற்சியில் தன் வலுவைத் தரும். பெட்ரோலுக்கென்று வகுத்த பின்அச்சின் பல் விகிதம் அதற்கு ஒத்துவராது. எஞ்சின் அலறியும் கார் ஊர்ந்தே செல்லும். வலுவான எஞ்சினை வைத்தால் நான்கு சக்கரங்களிலும் உள்ள பழைய டிரம் பிரேக்குகள் அந்த வேகத்தை நிறுத்துமா என்ற கேள்வி எழும். இதுவே உயிர்க் கேள்வி. பிறகு வெப்பம்: ரேடியேட்டரின் பரப்பு போதுமா, விசிறி அதன் மையத்துக்கு நேராக நிற்கிறதா? பிறகு மின்சாரம்: அக்காலப் பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பாட்டரியின் நேர்முனை உடலோடு இணைந்திருக்கும், புதிய ஆல்டர்னேட்டரை அதில் அப்படியே மாட்டினால் கருகிவிடும்.

இந்த ஒவ்வொரு கேள்விக்கும் விடை சொல்லத் தெரிந்த மிஸ்திரிகள் தில்லியின் மாயாபுரியிலும் கொல்கத்தாவின் மல்லிக் பஜாரிலும் மும்பையின் குர்லாவிலும் சென்னையின் புதுப்பேட்டையிலும் இருந்தார்கள். சிலர் இன்னும் இருக்கிறார்கள். எந்தக் காருக்கு எந்த எஞ்சின், எத்தனை வேலையோடு சேரும் என்ற அவர்களுடைய அறிவு எந்த நூலிலும் இல்லை. விதி அவர்களுடைய தொழிலின் உச்சத்தை மோசடியின் வரிசையில் நிறுத்துகிறது.

தாய்ச் சட்டமும் இதற்கு உதவவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழின் விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றிலிருந்து வேறுபடும்படி வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. அடிப்படை இயல்பை மாற்றும் கட்டமைப்பு மாற்றமே ‘மாற்றம்’ என்றும் அப்பிரிவு விளக்கம் தருகிறது. ஆனால் அடிப்படை இயல்பு எது என்பதை வரையறுக்கவில்லை. அதே பிரிவு, அங்கீகரித்த கருவித் தொகுப்பின் வழியாக எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாற அனுமதி தருகிறது. அதே பிரிவு, பத்துப் போக்குவரத்து வாகனங்களுக்குக் குறையாமல் வைத்திருப்பவர் அதே தயாரிப்பு, அதே வகை எஞ்சினை முன் அனுமதியின்றியே மாற்றிக்கொள்ள மாநில அரசு இசைவளிக்கலாம் என்றும் சொல்கிறது. பத்து லாரி வைத்திருப்பவரின் சொல் நம்பத்தக்கது. ஒரே ஒரு பழைய கார் வைத்திருப்பவரின் சொல் ஐயத்துக்குரியது. காரின் எஞ்சினையே அகற்றிவிட்டு மின்மோட்டார் வைக்க வழியுண்டு. அதன் உடன்பிறந்த எஞ்சினை வைத்துவிட்டு விண்டேஜ் தகுதி கேட்க வழியில்லை.

‘அதே தயாரிப்பு, அதே வகை’ என்பதும் தெளிவான தொடர்போலத் தோன்றும், ஆனால் தெளிவானதன்று. அம்பாசிடரின் 1489 சிசி எஞ்சின், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் பி-வரிசையைச் சேர்ந்தது. 1950களின் எம்ஜிஏ என்ற விளையாட்டுக் காரிலும் அதே 1489 சிசி எஞ்சினே இருந்தது. அதன் பிளாக்கை அம்பாசிடரில் வைத்தால் அது அதே தயாரிப்பா, வேறு தயாரிப்பா? வார்ப்பிரும்பின் மீதுள்ள முத்திரையைப் பார்த்தால் வேறு; வடிவமைப்பைப் பார்த்தால் அதே. சட்டத்தின் மொழி இங்கே வாய் மூடிக்கொள்கிறது. போக்குவரத்து அலுவலகத்தின் மேசை தன் விருப்பம்போல் பேசத் தொடங்குகிறது.

முரண் இதோடு முடியவில்லை. விண்டேஜ் விதி வந்த அதே 2021இல், செப்டம்பர் மாதம், பழைய வாகனங்களை உடைக்கும் நிலையங்களுக்கான விதிகளும் வந்தன. 2023 ஏப்ரல் 1 முதல், பதினைந்து ஆண்டுகளைக் கடந்த அரசு வாகனங்களின் பதிவு நீட்டிக்கப்படுவதில்லை. அவை உடைப்பு நிலையங்களுக்குச் செல்ல வேண்டும். அரை நூற்றாண்டாக அம்பாசிடரின் பெரும் வாடிக்கையாளர் அரசுதான். அதாவது, மாற்று எஞ்சினைத் தரக்கூடிய கொடையாளிக் கார்களின் பெருந்தொகுதி அரசிடமே இருந்தது. ஒரு கையால் அசலைக் கேட்கும் அரசு, மறு கையால் அசலின் கடைசி உறுப்புகளை நசுக்கி உருக்குக் கட்டியாக்குகிறது. உடைக்கும் முன் ஓடும் நிலையிலுள்ள எஞ்சின்களைக் கழற்றிப் பட்டியலிட்டு, ஐம்பது ஆண்டைக் கடந்த கார்களுக்கு வழங்கும் எளிய ஏற்பாடுகூட யாருக்கும் தோன்றவில்லை.

எதிர்த்தரப்பின் வாதங்கள் இரண்டு. முதலாவது, திருட்டு. எஞ்சின் மாற்றத்தைத் தாராளமாக அனுமதித்தால் திருட்டு வாகனங்களின் எஞ்சின்கள் பழைய கார்களுக்குள் புகுந்துவிடும் என்பர். மீரட்டின் சோதிகஞ்ச் சந்தை, திருட்டு வாகனங்களை உடைத்து விற்கும் இடமாகப் பெயர்பெற்று, 2021இன் இறுதியில் காவல்துறை நடவடிக்கையால் மூடப்பட்டதை அவர்கள் சுட்டலாம். அச்சம் நியாயமானது, அதிலிருந்து பெறும் முடிவு நியாயமற்றது. மாற்றத்தை ஏற்கும் விதி, எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதற்கு ரசீதையும் கொடையாளிக் காரின் பதிவு நீக்கச் சான்றையும் கேட்க முடியும். மாற்றத்தையே மறுக்கும் விதி எதையும் கேட்க முடியாது. மாற்றம் நிகழவே இல்லை என்ற பொய்யை மட்டுமே அது கேட்டு வாங்கும். எண் பொருத்தத்துக்குப் பெருவிலை கொடுக்கும் அமெரிக்கச் சந்தையில்தான் பழைய எண்ணை அரைத்தெடுத்துப் புதிய எண்ணைப் பொறிக்கும் மோசடி ஒரு தனிக் கலையாக வளர்ந்தது. எண்ணைத் தெய்வமாக்கினால் உளிக்கு வேலை கூடும்.

இரண்டாவது வாதம், தூய்மை. ஓர் எஞ்சினை விட்டுக்கொடுத்தால் நாளை எவரும் எதையும் வைத்துவிட்டு விண்டேஜ் என்பார்கள் என்று சேகரிப்பாளர் கழகங்கள் சொல்லும். இவர்கள் ஆதாரமாகக் கொள்ளும் மரபுப் பாதுகாப்புக் கோட்பாடே இவர்களுக்குத் துணைநிற்பதில்லை. நினைவுச்சின்னங்களுக்கான 1964ஆம் ஆண்டு வெனிஸ் சாசனம், ஒரு கட்டடத்தில் எல்லாக் காலங்களும் சேர்த்த தகுதியான பங்களிப்புகளை மதிக்க வேண்டும், ஒரே காலத்துப் பாணிக்கு அதைத் திருப்புவது நோக்கமாகாது என்கிறது; இல்லாத உறுப்புக்கு மாற்று வைக்கும்போது அது முழுமையோடு இயைய வேண்டும், அதே வேளை மாற்று என்று அடையாளம் காணத்தக்கதாகவும் இருக்க வேண்டும் என்கிறது. அதன் வழியில் உலகப் பழங்கார்க் கூட்டமைப்பு உருவாக்கிய தூரின் சாசனம், மாற்றங்கள் மீட்கத்தக்கவையாக இருக்கட்டும், அகற்றிய அசல் உறுப்புகளைப் பேணி வையுங்கள் என்று வழிகாட்டுகிறது. 1994ஆம் ஆண்டு நாரா ஆவணமோ, அசல் தன்மையை அந்தந்தப் பண்பாட்டுச் சூழலுக்குள் வைத்தே மதிப்பிட வேண்டும் என்று வெளிப்படையாக உரைத்தது. இந்தியாவின் விதி இவற்றில் எதன் குழந்தையும் அன்று.

தமிழறிஞர்களுக்கு இதை விளக்க வெனிஸ் வரை போக வேண்டியதில்லை. சுவடிப் பதிப்பின் நெறி போதும். ஒரு சுவடியில் ஏடு முறிந்திருந்தால் பதிப்பாசிரியர் அந்த நூலைக் கைவிடுவதில்லை. அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு சுவடியிலிருந்து அப்பகுதியை எடுத்து நிரப்புகிறார். எங்கிருந்து எடுத்தார் என்பதை அடிக்குறிப்பில் சொல்கிறார். வேறுபட்ட பாடங்களையும் பதிவுசெய்கிறார். உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளை நம்பகமாக்கியவற்றுள் பிரதிபேதங்களைக் குறித்த அந்த ஒழுக்கமும் ஒன்று. சொல்லாமல் நிரப்புவது இடைச்செருகல். சொல்லி நிரப்புவது பதிப்பு. காரிலும் மோசடிக்கும் பாதுகாப்புக்கும் இடையிலான கோடு இதே இடத்தில்தான் விழுகிறது.

இந்த நெறியைக்கொண்டு மாற்று எஞ்சின்களை மூன்றாக வகுக்கலாம். ஒரே குடும்பத்து எஞ்சின் முதல் வகை: பி-வரிசைக்குப் பி-வரிசை, எண்ணும் முத்திரையும் எதுவாயினும். இது பழுதுநீக்கம், விண்டேஜ் தகுதியைத் தொடக்கூடாது. அந்தக் கார் மாதிரியின் வரலாற்றில் சான்றுள்ள மாற்று இரண்டாம் வகை: பக்கவாட்டு வால்வுக்குப் பதில் மேல்வால்வு எஞ்சின், அம்பாசிடருக்குள் இசுசு, அக்காலத்திலேயே செய்து பதிவேட்டில் ஏறிய டீசல் மாற்றம். இது அந்தக் காரின் வாழ்க்கை வரலாறு. தகுதியோடு, சான்றிதழில் ஒரு குறிப்பும் சேரட்டும். எவ்வரலாறும் இல்லாத புது எஞ்சின் மூன்றாம் வகை. பிரேக்கும் கட்டமைப்பும் சோதனையில் தேறினால் அது சாலையில் ஓடட்டும். விண்டேஜ் பலகை அதற்கு வேண்டாம். தூய்மைவாதிகள் அஞ்சும் வெள்ளம் இந்த மூன்றாம் வாயிலில் நின்றுவிடும். முதல் இரண்டு வாயில்களையும் சேர்த்து அடைப்பதற்கு எந்தக் காரணமும் இல்லை.

அடைத்தால் யாருக்கு இழப்பு என்பதையும் கேட்க வேண்டும். அரண்மனைக் கொட்டகைகளில் துணி போர்த்தி நின்ற ரோல்ஸ்ராய்ஸ்களுக்கு இந்த விதியால் பெரிய தொல்லை இல்லை. குறைவாக ஓடியதால் அவை குறைவாகத் தேய்ந்தன. தேய்ந்தாலும் உறுப்புகளை வெளிநாட்டிலிருந்து தருவிக்கும் வசதி உரிமையாளருக்கு உண்டு. உழைத்த கார்கள்தான் எஞ்சினை இழந்தன: டாக்சியாக ஓடியவை, மருத்துவரின் கிராமச் சுற்றுகளில் தேய்ந்தவை, ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறையைச் சுமந்தவை. உழைப்பின் தடம் இருந்தால் தகுதியில்லை என்று சொல்லும் விதி, நாட்டின் மோட்டார் வரலாற்றிலிருந்து உழைத்தவர்களை அகற்றி, வைத்திருந்தவர்களை மட்டும் மிச்சம் வைக்கிறது. கியூபாவில் அமெரிக்கத் தடைக்குப் பின் சோவியத் எஞ்சின்களையும் பின்னர் ஆசிய டீசல் எஞ்சின்களையும் ஏற்றுக்கொண்டு ஓடும் 1950களின் செவ்ரோலேக்களை உலகமே ஒரு மக்களின் வரலாறாகப் பார்க்கிறது. அவற்றின் நகைமுரணையும் பெருமையையும் எழுதிய ஆய்வாளர்கள் பலர். அதே கண் மாயாபுரியின் பக்கம் திரும்பவில்லை.

பல்கலைக்கழகங்கள் இதில் கைகழுவிவிட முடியாது. பொருள்சார் பண்பாடு, மரபுரிமை, அசல்தன்மையின் அரசியல் என்று கருத்தரங்குகள் நடக்கின்றன. தீசியஸின் கப்பலைப் பற்றித் தத்துவத் துறைகள் சலிக்காமல் பேசுகின்றன. அந்தக் கப்பலுக்கு ஒவ்வொரு பலகைக்கும் அதே அளவுப் பலகை கிடைத்தது. கிடைக்காதபோது என்ன செய்வது என்பதே பட்டறையின் கேள்வி, அதற்கு நாள்தோறும் விடை காணப்பட்டும் வந்திருக்கிறது. அந்த விடைகளைத் தொகுக்க ஓர் ஆய்வேடும் ஒலிப்பதிவுக் கருவியும் போதும். மிஸ்திரிகளின் கலைச்சொற்களை, அளவுகளை, எந்த எஞ்சின் எதில் சேர்ந்தது என்ற நினைவை, அவர்கள் இருக்கும்போதே பதிவுசெய்ய வேண்டும். விதித் திருத்தத்துக்குச் சான்று வேண்டும் என்று அமைச்சகம் கேட்டால், அந்தத் தொகுப்பைவிடச் சிறந்த சான்று கிடைக்காது.

கோரிக்கை சுருக்கமானது. விண்டேஜ் வரையறையிலிருந்து ‘ஓவர்ஹால்’ என்ற சொல்லை நீக்க வேண்டும். ஒரே குடும்பத்து எஞ்சினையும் வரலாற்றுச் சான்றுள்ள எஞ்சினையும் ரசீதோடும் சான்றிதழ்க் குறிப்போடும் ஏற்க வேண்டும். அகற்றிய அசல் பிளாக்கை உரிமையாளர் பேணி வைக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்க்க வேண்டும். உடைப்பு நிலையங்கள் ஓடும் எஞ்சின்களைப் பட்டியலிட்ட பிறகே வாகனத்தை நசுக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை. விதியின் ஒரு வாக்கியத்தையும் உடைப்பு நிலையத்தின் ஒரு படிவத்தையும் திருத்தி எழுதினால் போதும்.